நொக் எதைப் போடுவது: வெட்டுவதா, கொம்பு வைப்பதா, பிளாஸ்டிக் ஒட்டுவதா?

அம்பின் பின்முனையில் நாண் உட்காரும் வெட்டுத்தான் நொக். கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் மூன்று பேர் இந்தக் கேள்வியோடு வந்தார்கள். முதலாவது களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர். வெளிநாட்டு மாமா 35 பவுண்டு இழுவையுள்ள ரிகேர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) ஒன்றும், ஒரு டசின் மரத்தண்டும், சின்னப் பையொன்றில் பிளாஸ்டிக் நொக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "அண்ணே, இத ஒட்டுறதா, இல்லாட்டி தண்டிலயே வெட்டுறதா? யூடியூப்ல ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்டு சொல்றான்" என்றார்.

இரண்டாமவர் அக்கரைப்பற்றுப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். மூங்கிலில் தானே அம்பு செய்கிறார். பத்து எய்தால் மூன்றுக்குப் பின்பக்கம் பிளந்துவிடுகிறது. மூன்றாமவர் படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அவருக்கு அம்பு பறக்கவே வேண்டாம். "அருச்சுனன் வில்லை வளைச்சு ஆடக்குள்ள அம்பு நாணில நிக்கவேணும். கிறுகி ஆடினாலும் விழப்படாது. அதுக்கு என்ன வழி தம்பி?"

மூவருக்கும் நான் சொன்னது மூன்று வேறு பதில்கள். ஏன் அப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சொல் பற்றி ஒரு வரி. வில்லின் நுனியில் நாணை மாட்டும் வெட்டுக்குக் குதை என்று பழைய தமிழில் நல்ல பெயர் இருக்கிறது. அம்பின் பின்முனையில் நாண் உட்காரும் வெட்டுக்கும் அதையே சொன்னால் பழகுகிற இடத்தில் குழப்பம் வரும். ஆகவே வாயில் வருகிறபடி நொக் என்றே எழுதுகிறேன்.

## தெரிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

நாணை விட்ட கணத்தில் வில்லின் பலம் முழுக்க, ஒரு சென்ரிமீற்றர் ஆழமுள்ள அந்த வெட்டின் அடியில்தான் போய் மோதுகிறது. நொக் பிளந்தாலோ நாணை விட்டு நழுவினாலோ, அம்புக்குப் போக வேண்டிய பலம் வில்லுக்கே திரும்புகிறது. வெறும் நாணை இழுத்து விட்டதற்குச் சமம் அது. வில்லின் கை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகம்) முறியலாம், மரச்சிராய் முகத்துக்குப் பக்கத்திலேயே பறக்கும். அதனால் அழகைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை இவை.

நாணின் தடிப்பு. நாணின் நடுவில், அம்பு உட்காரும் இடத்தில், ஒரு நூல் சுற்றியிருக்கும். அளக்க வேண்டியது அந்தச் சுற்றோடு சேர்ந்த தடிப்பை. டக்ரோன் (ஒரு வகைச் செயற்கை நூல்) நாண் 12 இழையிலும் இருக்கும், 16 இழையிலும் இருக்கும். இரண்டும் ஒரே நொக்கில் ஒரே மாதிரி உட்காராது. வேர்னியர் என்ற நுண் அளவுகோல் இல்லாவிட்டால் துளைக்கருவி அலகுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும். பெரும்பாலான டக்ரோன் நாண்கள் 3 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் வரும்.

தண்டு. வெளிநாட்டு மரத்தண்டுகள் 5/16, 11/32, 3/8 அங்குலம் என்ற கணக்கில் வரும். மில்லிமீற்றரில் ஏறக்குறைய 8, 8.7, 9.5. நம் ஓடாவிமார் (தச்சர்) கடைந்து தரும் உருளைத்தடி பெரும்பாலும் இவற்றை விடத் தடிப்பு. போட்டி நினைப்பு இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சர்வதேச வில்வித்தைச் சங்கமான வேர்ல்ட் ஆர்ச்சரியின் விதிப்படி தண்டு 9.3 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. 3/8 தண்டு அங்கேயே விழுந்துவிடும். மூங்கில் என்றால் உள்ளே பொள்ளலா, கட்டியா என்பது முதல் கேள்வி.

வில்லின் இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவையான பலம். 30 பவுண்டு வில் மன்னிக்கும் தவறை 50 பவுண்டு வில் மன்னிக்காது.

உடைந்தால் என்ன ஆகும். இதை யாரும் கேட்பதில்லை. நான் இதற்குத்தான் அதிக இடம் கொடுப்பேன். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடைக்குப் போய் "பதினொன்று கீழ் முப்பத்திரண்டு நொக் நாலு தாங்கோ" என்று கேட்க முடியாது. கொழும்பில் யாரையாவது பிடிக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். ஞாயிறு காலை உடைந்ததை ஞாயிறு மாலைக்குள் நீங்களே சரிசெய்ய முடியுமா, இல்லையா?

காலநிலை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் எல்லாம் ஊறும். கச்சான் காற்றுக் காலத்தில் எல்லாம் வறண்டு சுருங்கும். பசையும் மரமும் கொம்பும் இரண்டையும் தாங்க வேண்டும்.

அவசரக்காரருக்கு ஒரு அட்டவணை. இதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

| | தண்டிலேயே வெட்டு | தகடு வைத்த வெட்டு | ஒட்டும் பிளாஸ்டிக் | மூங்கிலுக்குள் அடைப்புக்கட்டை |
|---|---|---|---|---|
| ஏற்ற தண்டு | நேரான இழை மரம், கணுவுள்ள மூங்கில் | எந்த மரமும் | அளவு சரியான மரத்தண்டு | பொள்ளல் மூங்கில் |
| ஏற்ற வில் | 35 பவுண்டு வரை, நூல் சுற்றோடு 45 வரை | 45க்கு மேலும் | எதுவும் | கட்டையைப் பொறுத்தது |
| ஒரு அம்புக்கு வேலை | அரை மணி நேரம் | இரண்டு நாள், பசை காய்வதோடு | கால் மணி நேரம் | ஒரு நாள் |
| வாங்க வேண்டியது | வாள் அலகு, நூல் | இரண்டு கலவைப் பசை | நொக், சீவும் கருவி, பசை | பசை மட்டும் |
| உடைந்தால் | தண்டு குறுகும் | பெரும்பாலும் தண்டே போகும் | நொக் மட்டும் போகும் | சில நேரம் கட்டை மட்டும் |

பவுண்டுக் கணக்குகள் என் கையனுபவத்தின் எல்லைகள். உங்கள் மரம் என் மரத்தை விட நல்லதாக இருக்கலாம்; மோசமாகவும் இருக்கலாம்.

## தண்டிலேயே வெட்டுவது

ஆதி முறை இது. செலவு இல்லை, எடை கூடாது, பார்க்கவும் அம்பு அம்பாக இருக்கும். இரும்பறுக்கும் ஹெக்சோ அலகு மூன்றைச் சேர்த்து இன்சுலேசன் டேப்பால் சுற்றினால் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய வெட்டு விழும். மிச்சத்தை சாண்ட் பேப்பர் சுற்றிய மெல்லிய தகட்டால் தேய்த்து அகலப்படுத்த வேண்டும். ஆழம் 10 முதல் 12 மில்லிமீற்றர். அடியை உருண்டை அரத்தால் வளைவாக்குங்கள். வாள் விட்ட சதுர மூலைகளில்தான் பிளவு தொடங்கும்.

எந்தத் திசையில் வெட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்டின் பின்முனையை நேரே பாருங்கள். ஆண்டு வளையங்கள் இணைகோடுகளாக ஓடும். வெட்டு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே விழ வேண்டும். கோட்டோடு கோடாக வெட்டினால், நாண் ஒரு ஆப்பைப் போல உள்ளே இறங்கித் தண்டைப் பிளந்துவிடும். விறகு பிளப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. குறுக்கே வெட்டினால் இன்னொரு நன்மையும் கிடைக்கும்: தண்டின் விறைப்பான பக்கம் தானாகவே வில்லை நோக்கி நிற்கும். தண்டின் மேற்புறத்தில் இழை ஓடி முடிகிற இடத்தில் கூரான வரிகள் தெரிந்தால், அந்தக் கூர் இலக்கை நோக்கி இருக்கட்டும். ஒருவேளை முறிந்தால் சிராய் கையைக் குத்தாமல் மேலே விலகிப் போகும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் வளையம் பளிச்சென்று தெரியும் குளிர்நாட்டு மரத்தை வைத்துப் பேசுபவை. தேக்கில் வளையம் தெரியும். நம் மரங்கள் பலவற்றில் தெரியவே தெரியாது. இங்கே மரம் வளர்ச்சியை நிறுத்தி உறங்கும் பனிக்காலம் ஏது? நான் செய்வது இதுதான். தண்டில் வெட்டி எறியும் துண்டொன்றின் முனையில் கத்தியை வைத்து மெதுவாகத் தட்டிப் பிளப்பேன். இரண்டு மூன்று தரம் திசை மாற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாகப் பிளக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்குக் குறுக்கே வெட்டு. பிளவு நேராகப் போகாமல் சரிந்து வெளியேறினால் அந்தத் தடியை அம்புக்கு எடுக்காதீர்கள். கொடிக்குக் கம்பாக நடலாம்.

இதை நான் சும்மா படித்து அறியவில்லை. தளவாடக்கடை ஒன்றில் வாங்கிய உருளைத்தடியில், திசையே பார்க்காமல் ஆறு அம்பு வெட்டினேன். நான்காவது அம்பு எய்தபோது ஒரு சத்தம் கேட்டது. நாண் அறுந்தது என்று நினைத்தேன். தண்டு நடுவரை இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி என் இடது முன்னங்கையில் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் விற்றது திரைச்சீலைக் கம்பு.

வெட்டின் அடிக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு நூல் சுற்றுவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வாழைச்சேனையிலும் கல்முனையிலும் வலை பொத்தும் மெல்லிய நைலோன் நூல் கிடைக்கும். இறுக்கிச் சுற்றி, சுப்பர் குளூ இரண்டு சொட்டு ஊறவிட்டால் பிளவு அதைத் தாண்டாது. அதே நைலோனை நாணாக்கிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். நைலோன் நீளும், வில் செத்துப்போகும்.

மறைந்திருக்கும் செலவு எது? நேரம் ஒன்று. ஒரு டசின் வெட்டினால் முதலாவதும் பன்னிரண்டாவதும் ஒரே மாதிரி இராது. பெரிய செலவு உடையும்போதுதான் தெரியும். நொக் பிளந்தால் பின்பக்கத்தை அறுத்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டும், இறகையும் பிரித்து ஒட்ட வேண்டும். தண்டு ஓர் அங்குலம் குறுகினால் அதன் விறைப்பு கூடும். அந்த அம்பு இனி மற்றப் பதினொன்றோடு சேர்ந்து போகாது.

மூங்கிலில் வெட்டுவது என்றால் ஒரே விதி. கணுவை விட்டுவிட்டு வெட்டாதீர்கள். வெட்டின் அடிக்குக் கீழே ஒரு விரல்கடை தூரத்துக்குள் கணு இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் அந்தச் சுவர்தான் பிளவை நிறுத்தும் கதவு. ஆசிரியரின் அம்புகளை வாங்கிப் பார்த்தேன். தண்டின் நீளத்தை ஒரே அளவாக்க வேண்டும் என்று கணுவைப் பார்க்காமல் அறுத்திருந்தார். பிளக்காதவை எல்லாம் தற்செயலாகக் கணு அகப்பட்டவை.

## கொம்போ தகடோ வைத்து வெட்டுவது

1545இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் தூக்கி எடுத்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான அம்புகள் இருந்தன. அவற்றின் பின்முனையில், நாண் உட்காரும் வெட்டுக்குக் குறுக்காக, மெல்லிய கொம்புச் சீவல் ஒன்றைச் சொருகியிருந்த தடம் தெரிகிறது. நீளம் இரண்டு அங்குலம் அளவு. இன்று நாம் பயிற்சிக்கு எடுப்பதை விட இரண்டு மூன்று மடங்கு இழுவையுள்ள போர்விற்கள் அவை. பெரும்பாலான தண்டுகள் பொப்லார் என்ற மென்மரம். கொம்பு இல்லாவிட்டால் அந்த மரம் அந்த வில்லுக்குத் தாங்கியிருக்காது.

செய்முறை இதுதான். நாண் வெட்டு எந்தத் திசையில் வரப்போகிறதோ அதற்குச் செங்குத்தாக, ஒற்றை ஹெக்சோ அலகால் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நேரே அறுக்கவும். அந்தப் பிளவுக்குள் தகட்டைப் பசையோடு சொருகி, நூலால் இறுக்கிக் கட்டி, இரவு முழுக்க விடவும். காய்ந்ததும் வெளியே நிற்பதை அராவி எடுக்கவும். அப்புறம் நாண் வெட்டை, தகட்டுக்குக் குறுக்கே அறுக்கவும். இப்போது நாண் உட்காருவது தகட்டின் மேல். பிளவு திறக்கப் பார்த்தால் தகடு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

கொம்புக்கு நமக்குப் பஞ்சமில்லை. தயிருக்குப் பெயர்போன ஊர். எருமைப்பட்டி வைத்திருக்கும் யாரையாவது கேட்டால் செத்த மாட்டின் கொம்பு கிடைக்கும். மான்கொம்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தோடு விளையாட ஒரு அம்பு பெறுமதியில்லை. எருமைக்கொம்பை வெந்நீரில் அவித்து, சீவலாக அறுத்து, தேய்க்க வேண்டும். மயிர் கருகும் நாற்றம் வீட்டில் இரண்டு நாள் நிற்கும். நான் இதை அடுக்களைக்குப் பக்கத்தில் செய்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தூசு மூக்குக்குள் போகாமல் துணி கட்டிக்கொள்வதும் அவசியம்.

இத்தனை பாடுபட மனமில்லாதவருக்கு ஒரு குறுக்குவழி: மேசைப் பலகைகளில் ஒட்டும் ஃபோமைக்காத் தகடு. தளபாடம் செய்யும் கடைகளில் கழிவுத்துண்டு சும்மாவே தருவார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, அலகு அறுத்த பிளவுக்குச் சரியாகப் பொருந்தும். மரத்தைப் போல இழை ஓடாததால் ஒரு திசையில் பிளக்கும் பயமும் குறைவு. இப்போது 45 பவுண்டு வில்லுக்கு நான் போடுவது இதைத்தான். கருங்காலிச் சீவலும் அழகாக நிற்கும். சிரட்டையையும் விட்டு வைக்கவில்லை. வளைவை எவ்வளவு தேய்த்தாலும் நேராக உட்கார மறுக்கிறது.

பசை விடயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பைண்டர் கம் பலகைக்கு நல்லது. ஆனால் கொம்பையும் ஃபோமைக்காவையும் அது பிடிக்காது, மாரியில் இளகவும் பார்க்கும். அரல்டைட் போன்ற இரண்டு கலவைப் பசைதான் சரி. ஒட்டும் முன் இரண்டு முகத்தையும் சாண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை தின்னரால் துடைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் காய்வது என்று விற்பதை விட மெதுவாகக் காய்வது பலமானது.

மறைந்த செலவு: ஒரு டசினுக்கு ஒரு கிழமை போய்விடும். குறுக்கறுவை கோணினால் தண்டையே எறிய வேண்டும். பின்னால் இன்னொரு அம்பு வந்து மோதினாலும் தண்டோடு போகும். பலமான வில், நல்ல தண்டு, ஆறு அம்பு போதும் என்ற பொறுமை. இந்த மூன்றும் உள்ளவருக்குத்தான் இது.

## ஒட்டும் பிளாஸ்டிக் நொக்

மரபு வில் பிடிக்கும் சிலருக்குப் பிளாஸ்டிக் என்றாலே முகம் சுளிக்கும். நான் அந்தக் கட்சி இல்லை. பழகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்லது கிடையாது. எல்லா நொக்கும் ஒரே அச்சில் வந்தவை. அம்பு தவறிப் போனால் கையிலா அம்பிலா பிழை என்று தேட வேண்டியதில்லை, கையில்தான்.

தண்டின் பின்முனையை 11 பாகைச் சாய்வில் கூம்பாகச் சீவி, அதன் மேல் நொக்கைக் கவிழ்த்து ஒட்டுவது இந்த முறை. முன்முனைக் கூருக்கு 5 பாகை. இரண்டையும் மாற்றிச் சீவினால் எதுவும் உட்காராது. இதற்கென்றே பென்சில் சீவியைப் போல ஒரு கருவி விற்கிறார்கள். அது கிடைக்காதபோது, தடித்த பென்சிலுக்கான பெரிய ஓட்டைச் சீவியால் சமாளித்திருக்கிறேன். சாய்வு கிட்டத்தட்ட ஒத்துவரும். சரிபார்ப்பது எளிது. கூம்பு முழுக்கப் பென்சில் கரியைப் பூசி, நொக்கைப் பசையில்லாமல் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். கரி எல்லா இடமும் சமமாக அழிந்திருந்தால் சரி. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் நொக் ஆடும். ஆடும் நொக் சில நாளில் கோணும்.

நொக்கின் பக்கத்தில் ஒரு சிறு வரம்பு துருத்திக்கொண்டிருக்கும். இருட்டிலும் விரலால் தடவி, நிறம் மாறிய ஒற்றை இறகு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அது. இங்கேயும் மர இழைக்கு நாண் வெட்டு குறுக்கே நிற்கும்படிதான் திருப்ப வேண்டும். பிளாஸ்டிக்கைப் போட்டதும் அந்த விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்டு பிளக்காது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அம்பும் வேறு வேறு விறைப்போடு வில்லில் உராயும். ஒட்டியதும் தண்டை இரண்டு நகங்களின் மேல் கிடத்திச் சுழற்றுங்கள். நொக் நடுங்கினால் பசை காயும் முன் திருத்தலாம்.

பசைக்கு இறகு ஒட்டும் பசையே போதும். சுப்பர் குளூ உடனே பிடிக்கும். ஆனால் அடுத்த முறை நொக்கை எடுக்கும்போது கூம்பின் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். இறகுப் பசை என்றால் குறட்டால் திருகினாலே கழன்று வரும்.

இந்த முறையின் பெரிய நன்மை அடிபடும்போதுதான் தெரியும். நெருக்கமாக எய்யத் தொடங்கிவிட்டால் ஒரு அம்பின் பின்னால் இன்னொன்று போய் இடிக்கும். பிளாஸ்டிக் நொக் நொறுங்கி, தண்டு பிழைத்துக்கொள்ளும். வெட்டு நொக்கில் தண்டே இரண்டாகும். இடிபட்ட நொக்கை, வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மயிரிழை வெடிப்பு நாணில் மாட்டி இழுக்கும்போதுதான் வாய் திறக்கும்.

குறைகள்? வெயில் ஒன்று. மோட்டார் சைக்கிளில் கட்டி வைத்த அம்பும், வாகன முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த நொக்கும் ஒரு வருடத்தில் வெளிறி நொறுநொறுத்துப் போகும். இரண்டாவது, அளவு. 5/16 நொக்கை 11/32 தண்டில் ஒட்ட வராது. நம் ஓடாவி கடைந்த 10 மில்லிமீற்றர்த் தடிக்கு எதுவுமே வராது. தடியைத்தான் தேய்த்து இறக்க வேண்டும். மூன்றாவது, நொக் தீர்ந்தால் காத்திருப்பு. பன்னிரண்டு தேவையென்றால் முப்பது எடுப்பியுங்கள், ஒரே நிறத்தில். போட்டி விதிப்படி ஒருவரின் அம்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இறகின் நிறமும் நொக்கின் நிறமும் அதில் சேரும்.

கார்பன் தண்டு வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையையே படிக்கத் தேவையில்லை. குழாய்க்குள் அழுத்திச் செருகும் நொக் அதற்கென்றே உண்டு. உள்விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கினால் சரி. கூடுதலாகக் காணப்படுவது 6.2 மில்லிமீற்றர்.

## மூங்கிலுக்குள் அடைப்புக்கட்டை

பொள்ளல் மூங்கிலில் கணு சரியான இடத்தில் கிடைக்காதபோது இதுதான் வழி. யப்பானிய மூங்கில் அம்புகளுக்கும் நொக்கைத் தனித் துண்டாகச் செய்து செருகுகிறார்கள்.

மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு வன்மரக் கட்டையை உருட்டிச் சீவி, இரண்டு கலவைப் பசையில் தோய்த்து, மூங்கிலின் பின்வாய்க்குள் இறக்க வேண்டும். பாலை, முதிரை, வீரை எதுவும் சரி. ஓடாவி எறியும் சிம்பு போதும். அடித்து இறக்கக்கூடாது, கைத்திருகலில் இறங்க வேண்டும். அடித்தால் மூங்கில் அப்போதே பிளக்கும். சத்தம் கேட்காது, எய்யும்போதுதான் தெரியும். வெளியே நூல் சுற்றி, பிறகு மூங்கிலையும் கட்டையையும் சேர்த்து நாண் வெட்டை அறுக்கலாம். அல்லது கட்டையை வெளியே இரண்டு சென்ரிமீற்றர் நீட்டி விட்டு, அதில் கூம்பு சீவிப் பிளாஸ்டிக் நொக்கை ஒட்டலாம். இரண்டாவதில் உடைந்தால் மாற்றுவது சுலபம், பின்பக்கம் கொஞ்சம் பாரமாகும்.

கட்டையும் மூங்கிலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாரியில் செய்த கட்டை கச்சான் காற்றில் சுருங்கிக் கழன்றுவிடும். இதை நிழலில் காயவைத்த மூங்கிலில், பங்குனிக்கு மேல் செய்வது புத்தி.

## எதைத் தெரிவு செய்தாலும் நாணில் உட்கார வேண்டும்

வில்லை நாணேற்றி, நாண் தரைக்குக் கிடையாக இருக்கும்படி பிடியுங்கள். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தன் பாரத்தில் அது விழக்கூடாது. நாணை விரலால் மெல்லச் சுண்டினால் விழ வேண்டும். சுண்டியும் விழாவிட்டால் இறுக்கம். நாணை விட்டுப் பிரியும்போது அம்பு உதறும். சுண்டாமலே விழுந்தால் தளர்வு, அதுதான் ஆபத்து.

சரி, பொருந்தவில்லை. இப்போது எதைத் திருத்துவது? பெரும்பாலானவர் அரத்தை எடுத்து நொக்கைத் தேய்க்கத் தொடங்குவார்கள். அம்பு பன்னிரண்டு, நாண் ஒன்று. நாணின் நடுச்சுற்றைப் பிரித்து, தடித்த நூலாலோ மெல்லிய நூலாலோ திரும்பச் சுற்றினால் பன்னிரண்டும் ஒரே தடவையில் சரியாகும். தளர்வு கொஞ்சம்தான் என்றால் பல் இடுக்கும் நூலை மேலே ஒரு அடுக்குச் சுற்றினாலே போதும். ஒற்றை அம்பு மட்டும் முரண்டு பிடித்தால் அதைத் தொடலாம். பிளாஸ்டிக் என்றால் கொதித்து இறக்கிய நீரில் சில நொடி தோய்த்து, நாணில் வைத்தபடியே விரலால் நெருக்கினால் இறுகும்.

நாணில் அம்பு உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு நூல் முடிச்சு வையுங்கள். அம்பை வில்லின் தட்டில் (பிடிக்கு மேலுள்ள படியில்) வைத்து எய்பவருக்கு, தட்டிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக இழுத்த கோட்டுக்கு 10 முதல் 12 மில்லிமீற்றர் மேலே தொடங்கிப் பார்க்கலாம்.

## மூவருக்கும் சொன்னது

களுவாஞ்சிக்குடித் தம்பிக்கு: பிளாஸ்டிக்கை ஒட்டுங்கள். பை நிறைய இருக்கிறது, தண்டின் அளவும் சரி, 35 பவுண்டு. வெட்டிப் பழக ஆசை என்றால் உடைந்த தண்டில் வெட்டிப் பழகுங்கள், மாமா தந்த தண்டில் வேண்டாம். அவர் கேட்டாரா தெரியாது. கடைசியாக அனுப்பிய படத்தில் ஒரு தண்டு வெட்டப்பட்டிருந்தது.

ஆசிரியருக்கு: புதிதாக எதையும் வாங்காதீர்கள் சேர். பின்முனையில் கணு வரும்படி முதலில் அறுத்து, நீளத்தை முன்முனையில் சரிசெய்யுங்கள். கணு அமையாத தண்டுக்கு மட்டும் அடைப்புக்கட்டை. வலைநூல் எல்லாவற்றுக்கும்.

அண்ணாவியாரின் விடயம்தான் எனக்குப் பிடித்தது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வில் என்றால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். இலக்குப் பலகை பிறகுதான். எய்பவருக்கு எது ஆபத்தோ அதுவே அவருக்குத் தேவை: இறுக்கமான நொக். வெட்டை நாணை விட ஒரு நூலளவு ஒடுக்கமாக வெட்டி, வாயை உள்ளே சற்று அகட்டினேன். அழுத்தினால் "டக்" என்று ஏறும், ஆட்டினாலும் கழராது. முன்முனையில் கூருக்குப் பதில் பூவரசங்கட்டையில் குமிழ். நாணை இறுக்காமல் தொய்வாகவே கட்டினேன். ஆட்ட வேகத்தில் பொடியன் மறந்து விட்டுவிட்டாலும் அம்பு காலடியில்தான் விழும்.

அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகையில் அண்ணாவியார் அந்த வில்லை வாங்கி, அம்பை மாட்டி, தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விழவில்லை. "மறுகா இன்னும் ஆறு வேணும்" என்றார். "வீமனுக்கும் கேக்கிறாங்க. கதாயுதம் பாரமாம்."